காயவைக்கும் கடை

வைகாசி பிறந்தால் ஹட்டனில்
ஒரு சட்டை காய நாலு நாள்.
அதை நம்பித்தான் இந்தக் கடை.

பந்தடித்தவன் என்றதும் முதலில் கேட்பார்கள்
எத்தனை கோல் என்று.
நான் இடது பின்வரிசை.
பதினாலு வருஷத்தில் இரண்டு;
அதில் ஒன்று எங்கள் வலைக்குள்.

லோகேஸ்வரன் என்ற பெயரைக்
கொழும்பில் லொக்கு ஆக்கினார்கள்.
சிங்களத்தில் பெரியவன்.
நான் அஞ்சடி நாலங்குலம். கலரி முழுக்கச் சிரிப்பு.
டாக்காவில் லோக் பாய்.
திம்புவில் பெயரே இல்லை, பதினாறு.
மாலைதீவில் ஒரு தீவு, மைதானம் இவ்வளவுதான்:
கோர்னர் அடிக்க நாலு எட்டுப் பின்னால் போனால்
பூட்சுக்குள் கடல்.

கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்.
கட்டார் கம்பனி அணி ஒன்று
கையெழுத்துக் கேட்டு அனுப்பிய ஒப்பந்தம்
ஆஸ்பத்திரி மருந்துக் கணக்குக்கு அடியில்
இரண்டு மாதம் படுத்திருந்தது.
விசில் ஊதிய பிறகு காலுக்கு வந்த பந்து.
கிளாக்கர் மன்னிப்புக் கேட்டார்.
நல்ல மனுசன், தேத்தண்ணியும் தந்தார்.

முழங்கால் போனது ஆட்டத்தில் அல்ல.
டாக்காவில், பயிற்சி முடிந்து, பஸ் படியில்.
இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.
சில பேரிடம்
அரையிறுதி என்று சொல்லியிருக்கிறேன்.

வங்கியில் படிவம்.
தொழில்: கோடு போட்டேன்.
நிரந்தர முகவரி: மேற்பிரிவு, அஞ்சாம் லயம்.
"வீதிப் பெயர்?"
"வீதி இல்லை மிஸ், படிதான் இருக்கு."
சேமலாப நிதி இலக்கம்:
நாலு நாடு, ஏழு கழகம்,
ஒன்றும் இல்லை.

பக்கத்தில் அக்கா தனபாக்கியம்,
ஒருநாள் பேரை விட்டுவிட்டு வந்தவள்,
சிலிசிலிப் பையை அவிழ்த்துச்
சம்பளத் துண்டுகளை மேசையில் வைத்தாள்.
இறப்பர் வளையம் போட்ட இருபத்திரண்டு வருஷம்.
ஒரே மலை, ஒரே இலக்கம்.
பிணையாளி என்ற இடத்தில்
அவள் போட்ட கையெழுத்து
என்னுடையதைவிட நேராக இருந்தது.
நான் ரசிகர்களுக்குப் போட்டுப் போட்டுக்
கிறுக்கலாக்கிக்கொண்டவன்.

எந்தக் கழகத்திலும் எனக்குப் பிடித்தது
கோப்பை வைத்த அறை இல்லை.
பின்பக்கம், குளியலறை தாண்டி,
ஜேர்சிகள் சுற்றுகிற சூடான அறை.
திம்புவில் பதினொரு ஆட்டம்
என்னை இறக்கவில்லை.
விசில் ஊதியதும் அங்கே போய் உட்காருவேன்.
கோல் போட்டவன் சட்டையும்
பெஞ்சில் இருந்தவன் சட்டையும்
வட்டக் கண்ணாடிக்குள் கட்டிப் புரளும்.
எது நனைந்தது வேர்வையில், எது மழையில்,
இயந்திரம் கேட்பதில்லை.

இப்போது மல்லியப்பு சந்திக்குக் கொஞ்சம் கீழே
என்னிடம் இரண்டு உண்டு. இரண்டும் பழசு,
ஒன்று இருமும்.
ஞாயிறு இரவுதான் கூட்டம், விடிந்தால் பள்ளிக்கூடம்.
வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சட்டை,
ஒரு நர்சின் சீருடை, பூசாரியின் வேட்டி,
பொலிஸ்காரர் ஒருவரின் காலுறை மட்டும்.
கரண்ட் போனால்
எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்,
நான்தான் பந்தை விட்டவன் மாதிரி.

இன்னும் முப்பத்தொரு தவணை.
இவ்வளவு நீளமான ஒப்பந்தம்
எந்தக் கழகமும் எனக்குத் தந்ததில்லை.
அக்கா மாதம் ஒருமுறை வருவாள்.
"கட்டியாச்சா?"
"கட்டியாச்சு."
இடுப்பில் படங்கு சொட்டச் சொட்ட நிற்பாள்.
கழற்றித் தா, கால் மணித்தியாலம், என்பேன்.
"அது நாளைக்கும் நனையத்தானே போகுது,"
என்று பிள்ளைகளின் சட்டைகளை மட்டும்
சூட்டோடு வாங்கி
நெஞ்சில் அணைத்துக்கொண்டு
மழைக்குள் இறங்குவாள்.